தேதி தள்ளிப் போனது

மார்ச் 3, திங்கள்

அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. ஆபரேஷன் இந்த வாரம் கிடையாதாம். அப்போ எப்போது என்று கேட்டால், "பார்க்கலாம்மா."

மார்ச் 4, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து, போனில் 'சோல் பவர்' என்ற ஆவணப்படத்தைப் போட்டேன். 1974 செப்டம்பர் 22 முதல் 24 வரை, சயீர் நாட்டின் (இன்றைய காங்கோ) தலைநகர் கின்ஷாசாவின் ஸ்டேடியத்தில் மூன்று ராத்திரி நடந்த 'சயீர் 74' இசை விழா. குத்துச்சண்டையில் முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் மோதுவதற்கு முன்னால் ஊரைச் சூடேற்றத்தான் அந்தக் கச்சேரியே. பயிற்சியில் ஃபோர்மனுக்குக் கண்ணுக்கு மேலே வெட்டு விழுந்து, சண்டை அக்டோபர் 30-க்குப் போய்விட்டது. விழாவை யாரும் தள்ளிவைக்கவில்லை. பார்க்க வந்த சண்டை இல்லாமலே அமெரிக்கப் பாடகர்கள் ஜேம்ஸ் பிரவுனும் பி.பி. கிங்கும் மேடை ஏறினார்கள். எனக்கு இன்று அதுதான் வேண்டியிருந்தது.

பாதியில் தூங்கிவிட்டேன்.

மார்ச் 5, புதன்

இயர்போனில் அம்மா ஒரு காதில், நான் ஒரு காதில். தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா வந்தார். கோசா மொழிக் கல்யாணப் பாட்டு, சொல்லுக்குச் சொல் நாக்கை அண்ணத்தில் தட்டித் தட்டி. "யாருடி இவ, வாய்க்குள்ள தாளம் வெச்சிருக்கா?" என்றாள் அம்மா. அப்புறம் தானும் 'டொக்' என்று ஒருமுறை தட்டிப் பார்த்தாள். பக்கத்து பெட் பாட்டி திரும்பிப் பார்த்தார்.

அம்மாவிடம் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. 1960-ல் மகேபா அமெரிக்காவில் இருக்கும்போது அவருடைய அம்மா இறந்தார். சாவுக்குப் போகலாம் என்று கிளம்பினால், தென்னாப்பிரிக்க அரசு பாஸ்போர்ட்டை ரத்து செய்திருந்தது. அப்புறம் ஊர் மண்ணை மிதித்தது 1990-ல். கின்ஷாசாவில் பாடியபோது அந்த முப்பது வருஷத்தில் பாதிகூட முடியவில்லை.

மார்ச் 7, வெள்ளி

காலைச் சர்க்கரை 214. இட்லி ஒன்று போதும் என்கிறார்கள். அம்மாவுக்குக் கோபம்.

மார்ச் 9, ஞாயிறு

இன்று முழுக்க எரிச்சல். வார்டில் ஃபேன் ஓடவில்லை, கேன்டீனில் பால் இல்லை, படத்தின் மேலும் கோபம்.

கின்ஷாசாவில் நடந்த விழா. அந்த ஊர் இசைக்கு அரசன் கிட்டார்காரர் பிராங்கோ. அவருடைய டிபிஓகே ஜாஸ் குழு, பாடகர்கள் தபு லே, அபெட்டி மசிகினி, எல்லோரும் அந்த மேடையில் பாடினார்கள். ஊர்க்காரர்கள் யாருக்காகத் திரண்டு வந்திருப்பார்கள்? படத்தில் அமெரிக்கர்களுக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒரு துளிதான் இவர்களுக்கு. விழாவுக்கு யோசனை போட்ட ஹியூ மசெகேலாவும் ஸ்டூவர்ட் லெவினும் இந்த ஆப்பிரிக்கக் கலைஞர்களின் ஒலிப்பதிவைத் தனி ஆல்பமாக வெளியிட 2017 ஆனது. நாற்பத்து மூன்று வருஷம்! அதற்குள் பிராங்கோ, அபெட்டி, தபு லே மூன்று பேரும் போய்விட்டார்கள். மசெகேலாவும் 2018 ஜனவரியில் இறந்தார்.

படச்சுருளும் கிடந்ததுதான். பணத் தகராறில் சிக்கி, அந்தச் சுருளிலிருந்து அலி பற்றிய 'வென் வி வேர் கிங்ஸ்' படம் வரவே 1996 ஆனது. அதன் எடிட்டிங்கில் இருந்த ஜெஃப்ரி லெவி-ஹின்ட்தான், மிச்சம் கிடந்த கச்சேரிச் சுருள்களை விட மனசில்லாமல் எடுத்து 2008-ல் இந்தப் படத்தைச் செய்தார். அவருக்கு நன்றி. இருந்தாலும் பிராங்கோவின் கிட்டாருக்கு ஒரு முழுப் பாட்டு கொடுத்திருக்கலாம்.

மார்ச் 10, திங்கள்

168.

அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸ். ஒரு கிட்டார், ஒரு குரல். பாட்டு முடிந்தும் பட்டனை அழுத்தாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதில் திக்கித் திக்கிப் பேசியவர் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மார்ச் 12, புதன்

கியூபாவில் பிறந்த பாடகி சீலியா குரூஸ். ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் இசைக்குழு பின்னால் அடித்து நொறுக்க, ஸ்பானிஷில் அந்தக் குரல் ஸ்டேடியம் முழுக்கப் பாய்கிறது. கூட்டத்துக்கு அந்த மொழி தெரியாது. அதனால் என்ன? கியூபாவின் ரும்பா இசைக்கு வேர் காங்கோவில் இருக்கிறது, கியூபா போன தாளம் வீட்டுக்கு வந்திருக்கிறது. ஆடாமல் இருப்பார்களா!

ராத்திரி இவரைப் பற்றித் தேடிப் படித்தேன். படித்திருக்க வேண்டாம். 1962-ல் அவருடைய அம்மா ஹவானாவில் இறந்தபோது, கியூபா அரசு இவரையும் உள்ளே விடவில்லை. 1990-ல் குவான்டனாமோ அமெரிக்கத் தளம் வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கிருந்து எடுத்து வந்த ஒரு பிடி மண்ணை 2003-ல் அவரோடு புதைத்தார்கள்.

ஆக, ஒரே விழாவில் இரண்டு பெண்கள். இரண்டு பேரும் அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்காதவர்கள். படத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் பாடுகிறார்கள்.

அம்மா தூங்குகிறாள். மூச்சு ஒழுங்காக இருக்கிறதா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன். நான் இங்கே இருக்கிறேன். எட்டினால் கை படும் தூரத்தில்.

மார்ச் 13, வியாழன்

141. நாளைக் காலை ஏழு மணிக்கு முதல் கேஸ் அம்மாதான். தம்பி ரத்தம் கொடுக்க ஆள் பிடித்துவிட்டான், சித்தி இட்லிப் பாத்திரத்தோடு கிளம்பிவிட்டாள். அம்மா கேட்பது ஒன்றுதான்: தியேட்டருக்குள் வளையலைக் கழற்றச் சொல்வார்களா?

ஜேம்ஸ் பிரவுன் பாடும் கடைசிப் பகுதி பாக்கி இருக்கிறது. நாளைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று

நர்ஸ் கூப்பிடுகிறார். கையெழுத்துப் போட வேண்டுமாம்.