ஓர் அடிக்குக் குறையாமல், ஒரு முழத்துக்கு மிஞ்சாமல்

தோட்டாக்களைச் சோதிக்கும் கூடத்தில் சேர்ந்த முதல் ஆறு மாதம் துப்பாக்கியை நான் தொடவே இல்லை. ஜெலட்டின் காய்ச்சுவதுதான் என் வேலை. குண்டு உடம்புக்குள் எவ்வளவு ஆழம் போகும் என்று பார்க்க, தசைக்குப் பதிலாக அந்தக் கட்டியில்தான் சுடுவோம். ஒரு பங்கு தூளுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். தண்ணீர் கொதித்துவிடக் கூடாது, சூடு ஏறினால் கட்டியின் உறுதி போய்விடும். நுரை அடங்க இரண்டு சொட்டு இலவங்கப்பட்டை எண்ணெய் விடுவோம். அச்சில் ஊற்றி, 4 டிகிரி குளிரில் ஒன்றரை நாளுக்குக் குறையாமல் வைத்திருப்போம். வெளியே எடுத்ததும் ஒரு சின்ன எஃகு உருண்டையை ஏர்கன் எனும் காற்றுத் துப்பாக்கியில் போட்டு, வினாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் அதற்குள் சுட வேண்டும். உருண்டை 8.5 செ.மீ. ஆழம் போக வேண்டும், ஒரு செ.மீ. முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் விலகினால் அந்தக் கட்டியை வைத்து எடுக்கும் எந்த அளவையும் நம்ப முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

இந்த முறையை ஒழுங்குபடுத்தியதில் பெரிய பங்கு மார்ட்டின் ஃபேக்லர் என்ற அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவருக்கு உண்டு. போர்க்களத்தில் குண்டடிபட்டவர்களுக்கு அறுவை செய்தவர் அவர். பத்து விழுக்காடு ஜெலட்டினில் குண்டு போகும் ஆழம் பன்றித் தசையில் போகும் ஆழத்தோடு ஒத்துப்போவதை அவருடைய சோதனைகள் காட்டின. ஆனாலும் ஜெலட்டின் மனிதன் இல்லை. அதில் எலும்பு கிடையாது, நுரையீரல் கிடையாது, பயம் கிடையாது. இரண்டு தோட்டாக்களை ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க உதவும், அவ்வளவுதான். இதை என் மூத்தவர் வாரம் ஒருமுறையாவது சொல்லுவார். நான் சரியாகக் காதில் வாங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இரவுப் பணி முடித்துத் தனியாக வண்டி ஓட்டிப் போகும் ஒரு செவிலியர் எங்கள் பயிற்சித் தளத்துக்கு வந்தார். முறையாக உரிமம் பெற்று, .38 ஸ்பெஷல் என்ற வகைத் தோட்டா போடும் ரிவால்வர் ஒன்று வாங்கியிருந்தார். குழல் 5 செ.மீ.தான், ஐந்து தோட்டா போடலாம். "எந்தத் தோட்டா வாங்கட்டும் தம்பி?" என்று கேட்டார். என் மேசையில் ஹாலோ பாயின்ட் குண்டு ஒன்று இருந்தது. முனையில் குழி வைத்த குண்டு அது. ஜெலட்டினில் பாய்ந்து, ஆறு இதழும் ஒரே அளவில் விரிந்து, பார்க்க அழகான செப்புப் பூ மாதிரி இருந்தது. அதை அவர் உள்ளங்கையில் வைத்து, "இதையே வாங்குங்கள் அக்கா, ஒன்று பட்டால் போதும்" என்றேன்.

அந்தப் பூ விரிந்தது 10 செ.மீ. குழலில் இருந்து, வெறும் ஜெலட்டினில். அவரிடம் இருந்ததோ அதில் பாதிக் குழல். தாக்க வருகிற ஆளும் துணி இல்லாமல் எதிரே வந்து நிற்கப்போவதில்லை.

மூன்று மாதம் கழித்து அதே தோட்டாவை 5 செ.மீ. குழலில் போட்டு, ஜெலட்டினுக்கு முன்னால் நாலு மடிப்பு ஜீன்ஸ் துணி தொங்கவிட்டுச் சோதிக்கச் சொன்னார் மூத்தவர். ஐந்து குண்டு சுட்டேன். நாலு குண்டு விரியவே இல்லை. முதல் கட்டியை முழுசாகக் கடந்து பின்னால் இருந்த கட்டியில் போய்க் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கழுவிப் பார்த்தேன். குழிக்குள் நீலத் துணி வட்டமாக வெட்டுப்பட்டு, தக்கை வைத்து அடைத்ததுபோல் இறுகிப் போயிருந்தது. இடுக்கியால் உருவித்தான் எடுக்க முடிந்தது. குழிக்குள் ஈரத்தசை புகுந்து, அந்த அழுத்தத்தில்தான் முனை பிளந்து விரிய வேண்டும். துணி அடைத்துக்கொண்டால் அது சாதாரணக் குண்டுதான். குழல் குட்டையானால் வேகமும் குறையும். வேகம் குறைந்தால் விரிய வைக்கும் அழுத்தமும் குறையும். அந்தத் துணித் துண்டை ஒரு சின்னப் பையில் போட்டு இன்றும் வைத்திருக்கிறேன்.

"ஒன்று பட்டால் போதும்" என்று நான் சொன்னேனே, அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கணக்குப் போட்டாலே அது நிற்காது. 8 கிராம் எடையுள்ள 9 மி.மீ. குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் வேகத்தில் போகிறது. 70 கிலோ ஆள் மேல் பட்டு முழுவதும் உள்ளேயே தங்கினாலும், அந்த உந்தம் அவரை வினாடிக்கு 4 செ.மீ. வேகத்தில்தான் நகர்த்தும். சுடுகிறவர் கைக்கும் கிட்டத்தட்ட அதே உதை கிடைக்கிறது. சுட்டவர் விழவில்லை என்றால் பட்டவர் மட்டும் ஏன் பறக்கப்போகிறார்? .45 குண்டு பெரியது, 15 கிராம். ஆனால் வேகம் 255 மீட்டர்தான். ஆற்றல் இரண்டுக்கும் 500 ஜூல் அளவை ஒட்டியே வரும். ராணுவ ரைஃபிளின் 5.56 மி.மீ. குண்டு வெறும் 4 கிராம், ஆனால் 900 மீட்டரைத் தாண்டிப் போவதால் ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேல். அந்த வேகத்தில் சுற்றியுள்ள திசு விரிந்து கிழிகிறது. கைத்துப்பாக்கியின் வேகத்தில், ஈரல், மூளை போன்றவை தவிர, பெரும்பாலான திசு ரப்பர்போல விரிந்து பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. மிஞ்சுவது குண்டு போன வழி ஒன்றுதான்: ஒரு விரல் நுழையும் அளவு ஓட்டை. அது எதை எட்டுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1986 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் மயாமியில் நடந்ததை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறப்பதில்லை. வங்கிக் கொள்ளையர் இருவரை, அந்நாட்டு மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரிகள் எட்டுப் பேர் மடக்கினார்கள். கொள்ளையரில் ஒருவர் மேல் ஆரம்பத்திலேயே ஒரு 9 மி.மீ. ஹாலோ பாயின்ட் பட்டது. அது கையைத் துளைத்து, மார்புக்குள் புகுந்து, நன்றாக விரிந்து, இதயத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவர் நிமிடக்கணக்கில் சுட்டுக்கொண்டே இருந்தார். அதிகாரிகள் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயப்பட்டார்கள்.

அங்கிருந்து வந்த அளவுகோல்தான் இன்று எங்கள் சுவரில் ஒட்டியிருக்கிறது: ஜெலட்டினில் 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 18 அங்குலத்துக்கு மிகக் கூடாது. ஓர் அடிக்குக் குறையாமல், ஒரு முழத்துக்கு மிஞ்சாமல். மார்பின் கனத்துக்கு ஓர் அடி எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நேராக நின்று நெஞ்சைக் காட்டிக்கொண்டு யாரும் சுடுவதில்லை. குறுக்கே நீட்டிய கையையும் பக்கவாட்டு உடம்பையும் தாண்டித்தான் குண்டு போக வேண்டும். மேல் வரம்பு, பின்னால் நிற்கும் சம்பந்தமில்லாத மனிதருக்காக. முனை வரை உலோக உறை மூடிய, விரியாத முழு உறைக் குண்டு 9 மி.மீ.யில் 60 செ.மீ. ஜெலட்டினைக் கடந்து போவதை நான் பலமுறை அளந்திருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை தூங்கும் வீட்டில் அதைப் போட்டு வைத்திருப்பவர்களை நினைத்தால் எனக்கு வயிற்றைப் பிசையும்.

மயாமிக்குப் பிறகு எஃப்.பி.ஐ.யில் காலிபரை, அதாவது குண்டின் விட்டத்தை, பெரிதாக்கினார்கள். 10 மி.மீ. வந்தது, 1990-இல் .40 வந்தது. குண்டுகளின் அமைப்பு தேறியதும் மறுபடி 9 மி.மீ.க்கே திரும்பிவிட்டார்கள். உதை குறைவு, கைவசம் அதிகத் தோட்டா, குறியும் தவறுவது குறைவு. .380 மாதிரிக் குட்டித் தோட்டாக்களில் இன்றும் சிக்கல் தீரவில்லை: விரிந்தால் ஆழம் போதவில்லை, ஆழம் போனால் விரியவில்லை.

சரி, செவிலியர் அக்காவிடம் வருகிறேன். பதிவேட்டில் எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன். நேரில் வந்தார். பையிலிருந்த துணித் துண்டையும் விரியாத குண்டையும் மேசைமேல் வைத்து, நான் சொன்னது தவறு என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். குண்டை விரலில் உருட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்று போதும் என்று நீ சொன்னபோதே எனக்கு இடித்தது தம்பி. வார்டில் நெஞ்சில் குண்டோடு நடந்தே உள்ளே வந்தவரைப் பார்த்திருக்கிறேன். இதயம் நின்றாலும் மூளையில் கொஞ்ச நேரத்துக்கு ரத்தம் இருக்குமே" என்றார். 1989-இல் எஃப்.பி.ஐ. பயிற்சிப் பிரிவு எழுதி வைத்ததும் அதையேதான்: இதயம் முழுக்கச் சிதைந்தாலும் 10 முதல் 15 வினாடி வரை ஒருவர் நினைத்துச் செயல்பட மூளையில் உயிர்க்காற்று மிச்சம் இருக்கும். படித்து நான் தெரிந்துகொண்டதை அவர் கட்டிலருகே நின்று பார்த்திருந்தார்.

அப்புறம் அந்த ரிவால்வருக்கு 148 கிரெய்ன், அதாவது ஒன்பதரை கிராம் அளவு எடையுள்ள குண்டு கொண்ட வாட்கட்டர் தோட்டாவைப் போட்டுப் பார்த்தோம். இலக்குப் பயிற்சிக்காகச் செய்யப்பட்டது. தட்டை முனை, குழி கிடையாது. விரியும் என்ற நம்பிக்கையை நம்பி அது இல்லை. தட்டை விளிம்பால் வெட்டிக்கொண்டு போகும், துணி அதை ஏமாற்ற முடியாது. உதையும் மென்மை. ஜீன்ஸ் வழியாகச் சுட்ட ஐந்தும் அந்த அடிக்கும் முழத்துக்கும் நடுவில் நின்றன. ஒரே குறை, ரிவால்வரில் அவசரமாக மறுபடி நிரப்புவது கடினம். தட்டை முனை, தோட்டா நுழைக்கும் துளையின் விளிம்பில் தட்டித் தட்டி நிற்கும். அதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன்.

முதல் நாள் ஏழு மீட்டரில் அவர் சுட்ட ஐந்தில் இரண்டு தாளிலேயே படவில்லை. "தோட்டாவை மாற்ற வேண்டுமா?" என்று கேட்கவில்லை அவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு பெட்டி எடு தம்பி" என்றார்.