அந்த லெட்டர் யாரைச் சேர்ந்தது?

எங்க அமைப்புல மெம்பராகக் கேட்டு ஒருத்தர் அப்ளிகேஷன் போட்டார். அதைப் பத்தி மினிட்ஸ் புக்ல இருக்கறது ஒரே வரி. "விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு ஏற்கப்படவில்லை." எழுதினது நான்தான். மெம்பர்ஷிப் ஃபைல் எல்லாம் என்கிட்ட இருக்கறதால அப்ளிகேஷன் போட்டவங்க போன் பண்ணா நான்தான் பேசணும், அவரும் பண்ணார், கத்தல, நிதானமாத்தான் கேட்டார். "காரணத்தைச் சொல்லுங்க மேடம், தப்பான தகவல்னா விளக்கம் தரேன்." நான், "கமிட்டி முடிவு சார், காரணம் சொல்ற வழக்கம் இல்ல, பிரைவசி விஷயம்"னேன். அதுக்கு அவர், "யாரோட பிரைவசி? என்னோடதுன்னா என்கிட்ட சொல்றதுல என்ன?"

பதில் என்கிட்ட இருந்துச்சு, ஆனா சொல்ல முடியாது. அப்ளிகேஷனுக்குப் பின்னாடி ஒரு லெட்டர் பின் பண்ணியிருக்கு, மேல சிவப்பு பேனாவுல "தலைவர் பார்வைக்கு மட்டும்"னு போட்டு. எங்க பழைய மெம்பர் ஒருத்தர் எழுதினது. இவர் முன்னாடி இருந்த அமைப்புல நன்கொடைக் கணக்கை ஒப்படைக்காமலே விலகிட்டார்ங்கறதுதான் சாராம்சம். கூட ஒரு துண்டு ஆதாரம் கிடையாது. உண்மையாவும் இருக்கலாம், பழைய மனஸ்தாபமாவும் இருக்கலாம். கமிட்டி விசாரிக்கல, "எதுக்கு வம்பு"ன்னு அடுத்த அஜெண்டாவுக்குப் போயிட்டாங்க.

பேரை மறைச்சுட்டு விஷயத்தை மட்டும் சொல்லியிருக்கலாமேன்னு தோணும். பொதுவா அதான் நல்ல வழி. ஆனா அந்தப் பழைய அமைப்புல கணக்குப் பார்த்ததே இவரும் லெட்டர் எழுதினவரும்தான், வாயைத் திறந்தாலே யார் சொன்னதுன்னு தெரிஞ்சுடும். நம்பி எழுதினவரை இப்படிக் காட்டிக்குடுத்தா நாளைக்கு உண்மையிலேயே ஆபத்தான ஒரு ஆளைப் பத்தி யார் வந்து சொல்லுவா? அதனால நான் பேசினது சரின்னுதான் அன்னைக்கு ராத்திரி வரைக்கும் நினைச்சேன்.

அப்புறம் கொஞ்சம் படிச்சேன், படிச்சிருக்க வேண்டாமோன்னு இப்ப தோணுது. ஐரோப்பால 2018ல இருந்து அமல்ல இருக்கற ஜிடிபிஆர்ங்கற தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டத்துல 15வது பிரிவு, ஒருத்தரைப் பத்தின தகவல் ஒரு அமைப்புகிட்ட இருந்தா அதோட நகலை அவர் கேட்டு வாங்கலாம்னு சொல்லுது. அதே பிரிவோட கடைசி வரி, அந்த நகலால மத்தவங்க உரிமை பாதிக்கக் கூடாதுன்னும் சொல்லுது. 2017ல ஐரோப்பிய நீதிமன்றம் ஒரு பரீட்சைப் பேப்பர் வழக்குல, திருத்தறவர் எழுதற குறிப்பு பரீட்சை எழுதினவரோட தனிப்பட்ட தகவல்தான்னு தீர்ப்பு சொல்லுச்சு, கூடவே அது திருத்தினவரைப் பத்தின தகவலும்தான்னு ஒத்துக்கிச்சு. அந்தச் சட்டம் எங்களுக்குப் பொருந்துமாங்கறது வேற விஷயம், ஆனா ஒரே காகிதம் ரெண்டு பேருக்கும் சொந்தம்னு ஆயிடுச்சு, நான் ஒருத்தர் பக்கம் மட்டும் பூட்டு போட்டு அதுக்கு பிரைவசின்னு பேர் வச்சிருக்கேன். இல்ல, அப்படிச் சொல்றதும் முழுசா நியாயம் இல்ல, அப்ளிகேஷன் போட்டவர் பேரையும் நான்தானே காப்பாத்தினேன்.

எப்படின்னா, வருஷாந்திர பொதுக்குழுவுல நிராகரிச்ச பேர் எல்லாத்தையும் காரணத்தோட வாசிக்கணும், சந்தா கட்டறவங்களுக்குத் தெரியணும்ல, வெளிப்படைத்தன்மைன்னு பொருளாளர் கிளம்பினார். நான் ஒத்துக்கவே இல்ல. எத்தனை அப்ளிகேஷன் வந்துச்சு, எத்தனை எடுத்தோம், எந்த விதிப்படி எடுத்தோம்னு சொல்றதுதான் வெளிப்படை, ஆளை மேடையில ஏத்தறது இல்லன்னு சண்டை போட்டு நிறுத்தினேன். வேடிக்கை என்னன்னா, சம்பந்தப்பட்டவர்கிட்ட சொல்ல மாட்டோம்னவங்கதான் சபை முழுக்கச் சொல்லத் தயாரா இருந்தாங்க.

இப்ப ஒரு விதி எழுதிக் குடுத்திருக்கேன்: யாரைப் பத்தியாவது ஆட்சேபனை குடுக்கறவங்க, அதோட சாரத்தை நாங்க அந்த ஆளுக்குச் சொல்றதுக்குச் சம்மதிச்சுக் கையெழுத்து போடணும், இல்லன்னா கமிட்டி அதைக் கணக்குல எடுக்காது. அடுத்த கூட்டத்துல பாக்கலாம்னு தலைவர் வாங்கி வச்சுக்கிட்டார். இந்த விதி முன்னாடியே இருந்திருந்தா பழைய மெம்பர் எழுதியே இருக்க மாட்டார், இவர் உள்ள வந்திருப்பார், அது நல்லதாயிருக்குமா கெட்டதாயிருக்குமான்னு எப்படிச் சொல்றது, லெட்டர்ல இருக்கறது உண்மையான்னு யாருமே பாக்கலையே.