பில் போடும் இடத்தில் ஒரு கேள்வி

அப்பாவுக்காக வாங்கிய, பெரியவர்கள் அணியும் டயாப்பர் பாக்கெட்டைக் கல்லாவில் வைத்தபோது, அங்கிருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்கோடைத் தேடியபடியே, "இது யாருக்கு, உங்களுக்கா?" என்று வரிசை முழுவதற்கும் கேட்கும் குரலில் கேட்டார். அவர் மனத்தில் கெடுதல் எதுவும் இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் எனக்குப் பின்னால் நின்றவர் சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டதை என்னால் மறக்க முடியவில்லை.

1974-இல் பல்பொருள் அங்காடிக்குப் பார்கோடு வரும் வரை, காசாளர் ஒவ்வொரு பொருளின் விலைச்சீட்டையும் படித்து இயந்திரத்தில் தட்ட வேண்டியிருந்தது. இன்று கருவிக்குத் தேவை அந்தக் கறுப்புக் கோடுகள் மட்டுமே. வாங்குபவரின் உடல்நிலை கணக்கில் எங்கும் வருவதில்லை. நாள் முழுவதும் ஒரே வேலையைச் செய்பவர்களுக்கு இரண்டு வார்த்தை பேசத் தோன்றுவது இயல்பு, அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவும் செய்யும். பை கனமாக இருக்கிறதே என்று சொல்லட்டும், உடையக்கூடியதைத் தனியாக வைக்கட்டுமா என்று கேட்கட்டும். கர்ப்பப் பரிசோதனைக் கருவியையோ மூலத்துக்கான களிம்பையோ எடுக்கும்போது மட்டும் பேசாமல் பைக்குள் வைத்துவிட்டால் அதுவே பெரிய உதவி. அன்று நான் பதில் சொல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்; அடுத்த முறை, "தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள்" என்று அவரிடம் மெதுவாகச் சொல்ல எண்ணியிருக்கிறேன்.