ஸ்கிரிப்சர் சார் நடத்துன மாற்கு

நம்ம வேப்பேரி ஸ்கூல் பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேணும்னு கமிட்டில கேட்டப்ப வேற ஏதோ எழுதலாம்னு இருந்தேன், அதுக்குள்ள பேட்ச் குரூப்ல அந்த மெசேஜ் வந்துடுச்சு. நமக்கு வேதபாடம் எடுத்த ஸ்கிரிப்சர் சார் கர்த்தருக்குள்ள நித்திரையடைஞ்சுட்டார். நான் இருக்கிற டொரான்டோல அப்ப ராத்திரி. அன்னைக்கு சாயங்காலமே கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துல அடக்கம்னு போட்டிருந்தாங்க, டிக்கெட் கிடைச்சாலும் போய்ச் சேர முடியாது. அதனால இது சாரைப் பத்தின கட்டுரை.

டவுட்டன் பஸ் ஸ்டாப்ல இறங்கி ஓடி வர்றது, செகண்ட் பெல், கீர்த்தனை, ஃபர்ஸ்ட் பீரியடுக்கு மாரல் சயின்ஸ் பசங்க அந்தப்பக்கம் ஸ்கிரிப்சர் படிக்கிற நம்ம இந்தப்பக்கம், இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லணுமா. ஆனா ஒன்பதாவதுல அந்த அறுப்பின் பண்டிகை முடிஞ்ச திங்கக்கிழமை அசெம்ப்ளியை மட்டும் எழுதியே ஆகணும், நம்ம செட்ல யாரும் அதை வெளிய பேசினதே இல்ல. ஸ்டால் கலெக்‌ஷன் பணத்துல கொஞ்சம் குறைஞ்சுது, நம்ம கிளாஸ் பையன் ஒருத்தன் பைல கிடைச்சுது. அவனை மேடை மேல ஏத்தி, ஸ்கூல் மொத்தமும் பாக்க நிக்க வெச்சாங்க. மைக்ல பேரைச் சொல்லி, அப்பா பேரைச் சொல்லி, டிசி குடுக்கப் போறோம்னு சொன்னாங்க. அப்பதான் சார் வாத்தியார்ங்க வரிசையில இருந்து இறங்கி நடந்து வந்து மேடை ஏறி அவன் பக்கத்துல நின்னார். ஒண்ணும் பேசல, கையைக் கட்டிக்கிட்டு நேராப் பாத்துக்கிட்டு நின்னார், அசெம்ப்ளி முடியுற வரைக்கும். அப்புறம் ஆபீஸ் ரூமுக்குப் போய் இவனுக்கு நான் பொறுப்புன்னு எழுதிக் குடுத்ததா கேள்விப்பட்டோம். டிசி குடுக்கல.

ஆனா கிளாஸ்ல அவன் பக்கத்துல யாரும் உக்காரல. அடுத்த ஸ்கிரிப்சர் பீரியட் சார் சிலபஸை ஓரமா வெச்சுட்டு வேதத்துல அப்போஸ்தலர் நடபடிகள் 13-ஆம் அதிகாரத்தை எடுக்கச் சொன்னார், அந்த டெர்ம் முழுக்க யோவான் என்னும் மாற்குதான்.

பவுலும் பர்னபாவும் முதல் மிஷனரி பயணம் போறாங்க, மாற்கு உதவிக்கு கூடப் போறான், பம்பிலியாவுல பெர்கே ஊர் வந்ததும் அவங்களை விட்டுட்டு எருசலேமுக்குத் திரும்பிடுறான். ஏன் திரும்பினான்னு சார் கேட்டார். பயந்துட்டான், வீட்டு ஞாபகம், மலைப்பாதை கஷ்டம்னு ஆளுக்கொண்ணு சொன்னோம். சாருக்கு ஊர் திருநெல்வேலிச் சீமை நாசரேத் பக்கம், கோவத்துலயும் பாசத்துலயும் அந்தப் பேச்சு வந்துடும். "ஏல, ஏன் போனான்னு வேதத்துல எங்கயாவது போட்டிருக்கால? போடல. பின்ன நீங்க எதுக்குல எழுதுதிய?"ன்னார். அந்த ஒரு கேள்வி எனக்குள்ள இன்னைக்கும் இருக்கு. சர்ச்ல யாரையாவது பத்திப் பேச்சு வரும்போதெல்லாம் அது வந்து நிக்கும்.

15-ஆம் அதிகாரத்துல மறுபடி கிளம்பும்போது மாற்குவைக் கூட்டிட்டுப் போகலாம்னு பர்னபா சொல்றார், வேண்டாம்னு பவுல் சொல்றார், கடுமையான சண்டை வந்து ரெண்டு பேரும் பிரிஞ்சே போயிடுறாங்க. பவுல் சீலாவோட சீரியா பக்கம் போறார், பர்னபா மாற்குவோட சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறிடுறார். அதுக்கப்புறம் அப்போஸ்தலர் நடபடிகள்ல பர்னபாவைப் பத்தி ஒரு வரி கிடையாது. சார் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். பவுல் இன்னும் சவுலா இருந்த காலத்துல எருசலேம்ல யாரும் அவரை நம்பாதப்ப கையைப் பிடிச்சு அப்போஸ்தலர்கள் கிட்ட கூட்டிட்டுப் போனதும், தர்சு வரைக்கும் தேடிப் போய் அந்தியோகியாவுக்குக் கூட்டிட்டு வந்ததும் இதே பர்னபாதான், கடைசில ஒரு பையனுக்காக கதையை விட்டே வெளிய போயிட்டார். சீஷன்னா அதுக்கும் ரெடியா இருக்கணும்னார். அப்ப நம்ம எல்லாருக்கும் பவுல் ஆகணும்னுதான் ஆசை.

சார் யாரையும் அவங்களோட ஒரு மோசமான நாளை வெச்சு முடிக்க விடமாட்டார். பரங்கிமலைக்குக் கூட்டிட்டுப் போனப்ப, படிக்கட்டுல மூச்சு வாங்க உக்காந்த இடத்துல, இயேசுவோட சீஷன் தோமா பேரைச் சொன்னதும் சந்தேகத் தோமான்னு கத்தினோம்ல, உடனே யோவான் 11-ஐ வாசிக்க வெச்சார். யூதேயாவுக்குப் போனா இயேசுவைக் கல்லெறிவாங்கன்னு எல்லாரும் தயங்கும்போது அவரோடேகூட மரிக்க நாமும் போவோம்னு சொன்னது அந்தத் தோமாதான். ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் ஐயர் கதையும் அப்படித்தான். இதே வேப்பேரியில உக்காந்து புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல செஞ்சவர், பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரங்க கிட்ட இருந்து 1761-ல இங்கிலீஷ்காரங்க பிடிச்ச அச்சு மெஷின் இங்க வந்து அதுல 1772-ல அது அச்சாச்சு, நம்ம பழைய வேதாகம நடையில இன்னைக்கும் அவர் சாயல் உண்டு. ஆனா பணத்தைக் கடன் குடுத்துக் கெட்டு, வயசான காலத்துல கடன்காரர் ஜெயில்ல இருந்தார், 1791-ல போய்ச் சேர்ந்தார். சார் ரெண்டையும் ஒரே குரல்ல சொன்னார், எதையும் மறைக்கல.

டெர்ம் கடைசி கிளாஸ்ல ரெண்டாம் தீமோத்தேயு 4. பவுல் ரோமாபுரி சிறையில, கூட இருந்த தேமா விட்டுட்டுப் போயிட்டான், லூக்கா மட்டும்தான் கூட. அப்ப எழுதுறார், மாற்குவை உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்னு. அந்த வசனத்தை சார் மேடையில நின்ன அந்தப் பையனைத்தான் வாசிக்கச் சொன்னார். வாசிச்சான், குரல் நடுங்கல. அன்னைக்கு லஞ்ச்ல ரெண்டு பேர் அவன் பக்கத்துல போய் உக்காந்தாங்க.

அவன் பெரம்பூர்லயே இருந்துட்டான். ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில வேலை, ரிட்டயர் ஆகி, சண்டே ஸ்கூல் நடத்துறான். சாருக்குக் கண்ணு மங்கின பிறகு தினமும் சாயங்காலம் போய் வேதம் வாசிச்சுக் காட்டினது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது, கடைசி நாள் பக்கத்துல இருந்தது எல்லாம் அவன்தான். நல்ல மார்க் வாங்கின நாம ஒவ்வொருத்தரா மீனம்பாக்கத்துல பிளைட் ஏறிட்டோம், சார் ஒவ்வொருத்தருக்கும் ஜெபம் பண்ணித்தான் அனுப்பினார், போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. இங்க எனக்குக் கிடைச்ச வாழ்க்கைக்கு கர்த்தருக்கு நன்றிதான் சொல்றேன். ஆனாலும் அந்த சாயங்கால வாசிப்புல ஒரு நாளாவது என் குரல் இருந்திருக்கணும்னு மனசு கேக்குது, அதுக்கு அந்த ஊர்ல இருந்திருக்கணும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். சார் நினைவா ஸ்கிரிப்சர்ல ஃபர்ஸ்ட் மார்க்குக்கு மெடல் குடுக்கலாம்னு குரூப்ல பேச்சு ஓடுது. மெடல் வேண்டாம்ங்க. ஃபீஸ் கட்ட முடியாமலோ, ஏதாவது தப்புல மாட்டியோ படிப்பு நிக்கப் போற ஒரு பிள்ளைக்கு வருஷா வருஷம் முழுச் செலவும் நாம ஏத்துக்கலாம், பேரு வெளிய வராம. யாருக்குக் குடுக்கணும்னு பெரம்பூர்ல இருக்கிற நம்ம ஆளே பாத்துச் சொல்லட்டும், அவன் கிட்ட போன்ல பேசிட்டேன், சரின்னுட்டான். ஜெனரல் பாடில இதை முதல் ஐட்டமா வைக்கணும்னு செக்ரட்டரி கிட்ட கேட்டுக்கிறேன்.