மாளிகையும் எங்கள் வளவும்

பள்ளிச் சுற்றுலா முடிந்து வந்த மகள், சப்பாத்தைக் கழற்றும் முன்னரே, "அப்பா, இண்டைக்கு எங்கட மாளிகைக்குப் போனம்" என்றாள். பாரிஸின் கிழக்கே நாங்கள் குடியிருக்கும் மாடிக்கட்டடத்திலிருந்து ஷான்-சூர்-மார்ன் மாளிகை நடந்து போகும் தூரம்தான். ஆனால், யாழ்ப்பாணத்தில் பாட்டன் விட்டுப்போன வளவை அவள் ஒருநாளும் 'எங்கட' என்று சொன்னதில்லை என்பது எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அடுத்த ஞாயிறு அவளே என்னை அழைத்துப் போனாள். ஒரு வீட்டைக் கண்டால், கட்டியவர் யார், எந்த மகளுக்குச் சீதனமாகப் போனது, காணி உறுதி இப்போது எவர் பெயரில் என்று கேட்காமல் படலை தாண்டாத ஊரில் பிறந்தவன் நான். இந்த மாளிகையின் உறுதிக் கதை என்னை அயர வைத்தது. முதலில் இக்காணியை வைத்திருந்த லா துவான் என்ற கருவூல அதிகாரி 1701-இல் நொடித்துப்போனார். அடுத்து வந்த புவாசோன் தெ பூர்வாலே, மன்னர் பதினான்காம் லூயியின் போர்களுக்குப் பணம் புரட்டியே பெருந்தனவந்தர் ஆனவர். 1708 அளவில் கட்டி முடித்து, 1716-இல் பஸ்தில் சிறைக்குப் போனார். பறிமுதலான மாளிகை, மன்னரின் மகளான கொன்தி இளவரசியிடம் வந்து, அவர் வழியாக லா வாலியேர் குடும்பத்துக்குப் போனது. மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலி பொம்பதூர்கூட, 1757 முதல் ஈராண்டுகள் இங்கே வாடகைக்குத்தான் இருந்திருக்கிறார். வாடகைக் குடியிருப்பாளனான எனக்கு இதில் ஓர் அற்ப ஆறுதல்.

என்னை அதிகநேரம் நிற்க வைத்தது சாப்பாட்டறை. அந்நாளைய பெரிய வீடுகளில், பசிக்கும்போது எந்த அறையிலும் மேசையைப் போட்டுக்கொள்வார்களாம். சாப்பாட்டுக்கென்றே ஓர் அறை அமைத்த முதல் வீடுகளில் இதுவும் ஒன்று. ஓர் அறைக்குள் நுழைந்தே அடுத்த அறைக்குப் போகும் வழக்கத்தையும், கட்டடக் கலைஞர் புல்லே தெ ஷாம்ப்லேன் உள்நடைவழிகள் வைத்துக் குறைத்திருக்கிறார். ஊர் நினைப்பெல்லாம் எப்போதோ விட்டுப்போயிற்று என்று நண்பர்களிடம் அடித்துச் சொல்பவன் நான். அந்த அறையில் நின்றபோதோ, நாற்சார் வீட்டு விறாந்தையில் வரிசையாகப் போட்ட பாயும், வாழையிலையில் தெளித்த தண்ணீர் சீமெந்துத் தரையில் ஓடிய கோடும், "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" என்ற அப்பம்மாவின் குரலுமே எனக்குள் இருந்தன. எங்களுக்கு விறாந்தையே சாப்பாட்டறை, படுக்கையறை, வழக்குப் பேசும் மன்றம்.

1895-இல் மாளிகையை வாங்கிச் சீர்படுத்தியவர் லூயி காஎன் தான்வேர் என்ற யூத வங்கியாளர். ஓவியர் ரெனுவார் வரைந்த அவருடைய சிறுமிகளில் ஒருத்தியான எலிசபெத், முதுமையில், 1944-இல், ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமுக்கு நாடுகடத்தப்பட்டு உயிரிழந்தார். அதற்கு முன்பே, 1935-இல், மாளிகை அரசின் கைக்கு வந்துவிட்டது. 2006-இல் ஓர் உட்கூரை இடிந்து விழுந்ததும் கதவைச் சாத்தி, செப்பனிட்டு, 2013-இல்தான் திறந்தார்கள். இதை மகள் பெருமையோடு சொன்னாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. 1990-இல் வலிகாமம் வடக்கிலிருந்து நாங்கள் பூட்டிவிட்டு வந்த வீட்டில் இன்று கூரையும் இல்லை, பூட்டிய கதவும் இல்லை. திறப்பு மட்டும் அம்மாவின் அலுமாரியில் கிடக்கிறது.

அன்றிரவு தொலைபேசியில் அம்மாவுக்கு மாளிகையைப் பற்றிச் சொன்னேன். இளவரசியும் வங்கியாளரும் அவரை அசைக்கவில்லை. காணியின் அளவைத்தான் கேட்டார். 85 எக்டேர் என்றால் விளங்காது என்பதால், நம் கணக்கில் 3,300 பரப்புக்கு மேல் வரும் என்றேன். சற்றுநேரம் பேச்சில்லை. பிறகு, "அவ்வளவு வளவுக்குள்ள ஒரு பனைகூட இல்லையோ?" என்றார்.