விற்கிற வீட்டுக்கு வெள்ளை

ஜனவரி 22, புதன்

எங்கள் பூர்வீகச் செட்டிநாட்டு வீட்டை விற்பது என்று முடிவாகிவிட்டது. மூன்று பங்கு. மூவரும் போனிலேயே சரி சொல்லிவிட்டார்கள். சாவி காரைக்குடியில் எங்களிடம் இருப்பதால் வேலையும் எங்கள் தலையில். என் வீட்டுக்காரவுகளுக்கு முட்டிவலி, ஏணிப்பக்கமே போகக்கூடாது. அதனால் நான்தான் பள்ளத்தூர் பக்கம் பஸ் ஏறிப் போய்வருகிறேன்.

இன்று எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வாங்க வந்தவள் மாதிரி நம் வீட்டைப் பார்த்தேன். நெற்றியில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் கிளிகள், ஓரத்தில் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய், அதற்குக் கீழே 1926. சிப்பாய்க்கு மூக்கு இல்லை. கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று. கூரையிலிருந்து அடித்தளம் வரை தண்ணீர் இறங்கிய கறுப்புக் கோடுகள். சுற்றுச்சுவரில் போன தேர்தலின் சின்னம். பக்கத்து மனை முழுக்கச் சீமைக்கருவேலம், ஒரு கிளை நம் ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறது.

கொழுந்தனார் சென்னையிலிருந்து பேசினார். அவருக்கு நான் அண்ணமிண்டி, அதாவது அண்ணி. "அண்ணமிண்டி, பளிச்சுனு எமல்ஷன் அடிச்சு, முன்னாடி ஒரு ஸ்டீல் கேட் போட்டுட்டாப் போதும். போட்டோவுல தூக்கலா இருக்கும்." பார்க்கலாம் என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 25, சனி

கொத்தனார் வந்தார். எதுவும் பேசாமல் கரண்டிப் பிடியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் சத்தம் பொத்தென்று மாறியது. "இது சிமெண்டு ஆச்சி. யாரோ ஒட்டுப் போட்டிருக்காக."

இந்தச் சுவர்கள் செங்கலும் சுண்ணாம்பும். மழையில் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லை. ஒட்டின் ஓரமாகச் சுற்றிவந்து உப்பாகப் பூக்கிறது, உள்ளே இருக்கிற நல்ல காரையும் உதிர்கிறது. எமல்ஷனும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்யும். முதல் வருடம் ஜோர். ஐப்பசி மழை ஒன்று பெய்துவிட்டால் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும்.

"சாவி குடுத்த பெறகு பொரிஞ்சா நமக்கென்ன?" என்றார் கொழுந்தனார். நியாயத்தை விடுங்கள், வியாபாரமாகப் பார்த்தாலும் அது தப்புக் கணக்கு. இப்போது இந்தப் பக்கம் வீடு தேடுகிறவர்களில் பலர் கானாடுகாத்தான் விசாலத்திலோ, கடியாபட்டி சிதம்பர விலாஸிலோ, ஹோட்டலாக மாறிய அந்தப் பழைய வீடுகளில் ஓர் இரவு தங்கி, அந்த மயக்கத்தோடு வருகிறவர்கள். கூடவே ஓர் ஆர்க்கிடெக்டைக் கூட்டிவருகிறார்கள். சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் பெயின்டைப் பார்த்தால் அதைச் சுரண்டுகிற செலவை அந்த ஆள் அங்கேயே விலையில் கழிப்பார்.

முதலில் தண்ணீர், அப்புறம்தான் அழகு என்று பேசி முடித்தோம். கறுப்புக் கோடுகளின் ஊற்று மேலே இருந்தது. இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் இடத்துத் தகரத்தில் பல வருடச் சருகு அடைத்துக் கிடந்தது. அதை அள்ளி, உடைந்த நாட்டு ஓடுகளை மாற்றினார்கள். பின்கட்டில் அப்பத்தா காலத்து ஓடுகள் அடுக்கி வைத்திருந்தது கைகொடுத்தது. அரசங்கன்றை வெட்டினால் மறுபடி துளிர்க்கும் என்பதால், விரிசலைக் கொஞ்சம் பெரிதாக்கி வேரோடு எடுத்தார்கள். வெட்டிப்போட மனமில்லாமல் கொத்தனார் அதை ஊருணிக் கரையில் நட்டிருக்கிறார்.

ஜனவரி 30, வியாழன்

புரோக்கர், முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஒருவரோடு வந்தார். அவர் வீட்டைப் பார்க்கவே இல்லை. நிலைக்கதவை மட்டும் தடவித் தடவிப் பார்த்தார். பர்மா தேக்கு, முழுக்க இழைப்பு வேலை. ரொக்கமாகத் தருகிறாராம், பதிலுக்கு ஒரு பிளைவுட் கதவும் மாட்டித் தருகிறாராம். மரம் தனி, தரை தனி என்று விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்று புரோக்கரும் ஒத்து ஊதினார்.

இந்தத் தெருவிலேயே அப்படிப் போன வீடுகள் உண்டு. முதலில் நிலை, அடுத்து தூண், அடுத்து உத்தரம் என்று லாரியில் ஏறி, கடைசியில் மனை. விற்பதென்றால் வீடாக விற்க வேண்டும் என்பது என் கட்சி. வாசலில் வந்து நிற்பவர் முதலில் பார்ப்பது அந்த நிலையைத்தான், அதைக் கழற்றிவிட்டு முகப்புக்கு என்ன வெள்ளை அடித்து என்ன? எனாமல் சட்டிகளை வேண்டுமானால் விலை சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

போகும்போது புரோக்கர், "யுனெஸ்கோ பட்டியல்ல இருக்குற ஏரியான்னு விளம்பரத்துல போடுவோம்" என்றார். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன, அவ்வளவுதான். அங்கீகாரம் கிடைத்த மாதிரி எழுதக்கூடாது என்று சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

பிப்ரவரி 5, புதன்

கொத்தனார் மாலை போட்டுப் பழனிக்கு நடைபயணம் போய்விட்டார். தைப்பூசம் முடிந்துதான் வருவார். தை மாதத்தில் இந்தப் பக்கம் வேலை வைத்தால் இதற்கும் சேர்த்தே நாள் குறிக்க வேண்டும்.

சும்மா இருக்க வேண்டாமென்று பக்கத்து மனைக்காரரிடம் சொல்லிவிட்டு ஜேசிபி வைத்துக் கருவேலத்தை வேரோடு எடுத்தோம். இந்த ஒரு வேலைக்கே வீடு மாறிவிட்டது! முன்தெருவிலிருந்து பின்தெரு வரை ஓடும் பக்கச்சுவர் முழு நீளத்துக்கும் தெரிகிறது. தரைமட்டத்தைத் தெருவைவிட எவ்வளவு உயர்த்தியிருக்கிறார்கள் என்பதும் இப்போதுதான் எடுப்பாகத் தெரிகிறது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் புகுந்ததை மறக்காமல் இப்படிக் கட்டினார்கள் என்று கதை சொல்வார்கள்.

சுற்றுச்சுவர்ச் சின்னத்தை அழித்தாயிற்று.

பிப்ரவரி 8, சனி

அழித்த இடத்தில் 'இந்தச் சுவர் ரிசர்வ்டு' என்று நீலத்தில் எழுதியிருக்கிறது. எந்தக் கட்சி என்று தெரியவில்லை.

பிப்ரவரி 15, சனி

கொத்தனார் மொட்டைத் தலையோடு வந்து வேலையைத் தொடங்கினார். சிமெண்ட் ஒட்டுகளைக் கொத்தி எடுத்துவிட்டு, அந்த இடங்களில் மட்டும் புதிய சுண்ணாம்புக் காரை. கடுக்காயையும் கருப்பட்டியையும் ஊறவைத்த தண்ணீரில் பிசைந்தார்கள். உள்தூண்களில் இருக்கிற மாதிரி முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கல்லால் தேய்த்து மினுக்குவது தனி வேலை. விற்கப் போகிற வீட்டுக்கு அந்தச் செலவு தாங்காது. பூசிய இடத்தில் ஈரச்சாக்கைக் கட்டிவிட்டார்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமிலவாயுவை இழுத்துத்தான் மெல்ல இறுகும். சட்டென்று காயவிட்டால் தூளாகப் போகும்.

மற்ற இடங்களுக்கு வெள்ளை. நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் கோந்து, ஒரு சிட்டிகை நீலம். நீர்மோர் பதத்தில்தான் இருக்க வேண்டும், கெட்டியாக அடித்தால் ஏடு ஏடாக உரியும். ஒவ்வொரு தடவையும் சுவரை நனைத்துவிட்டுத்தான் அடிக்கிறார்கள், உச்சி வெயிலில் அடிப்பதில்லை. ஈரமாக இருக்கும்போது அடித்ததே தெரியாது. கொழுந்தனார் வீடியோ காலில் பார்த்துவிட்டு, "என்ன இது, சாம்பல் பூசின மாதிரி இருக்கு" என்றார். சாயந்திரம் காய்ந்ததும் மறுபடி எடுத்து அனுப்பினேன். கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

சுதை உருவங்களைப் பற்றிக் கொஞ்சம் வாக்குவாதம். எனாமல் பெயின்டில் பச்சைக் கிளி, சிவப்புச் சிப்பாய் என்று ஆக்கிவிடலாம் என்பது ஒரு யோசனை. நான் வேண்டாமென்றேன். மெல்லிய பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். பாசி போனதும் சிப்பாயின் சட்டையில் பழைய நீலம் கொஞ்சம் தெரிந்தது, அது அப்படியே இருக்கட்டும். மூக்கும் வைக்கவில்லை. கை தேர்ந்த சுதைக்காரர் வைத்தால் சரி, அரைகுறைக் கை வைத்த மூக்கு தெருக்கூத்துக் கோமாளியைத்தான் நினைவூட்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

ஆசாரி நிலைக்கதவைக் கழுவி, ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்து துணியால் தேய்த்தார். வார்னிஷ் கிடையாது. பித்தளைக் குமிழ்களுக்குப் புளி. ஜன்னல் கம்பிகளைத் துருச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பழைய கரும்பச்சை.

திண்ணையில் ஆத்தங்குடிக் கல். அழுக்கு எடுக்க ஒரு பையன் ஆசிட் பாட்டிலோடு வந்து நின்றான். நல்லவேளை, ஊற்றுவதற்குள் பார்த்துவிட்டேன். அது சூளையில் சுட்ட கல் அல்ல. கண்ணாடிமேல் வண்ணச் சாந்து ஊற்றி, சிமெண்டு வைத்து, தண்ணீரில் போட்டு இறுக வைத்தது. ஆசிட் பட்டால் மேல்வண்ணம் அரித்து மங்கிவிடும். வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்ததும் துளி தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஓர் ஓட்டு ஓட்டினோம். கால் பட்டுப் பட்டுத்தான் அது மெருகேறும், பூட்டிக் கிடந்த வீட்டில் எங்கிருந்து கால்?

பிப்ரவரி 25, செவ்வாய்

போட்டோ எடுத்தாயிற்று. கிழக்குப் பார்த்த வீடு, காலை வெயிலில் சுதை வேலை நிழலோடு எழும்பித் தெரிகிறது. செத்துப்போன டிஷ் ஆன்டெனாவைக் கழற்றினோம். ஸ்டீல் கேட் பேச்சு ஓய்ந்தது.

மார்ச் 2, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி, ஆர்க்கிடெக்டோடு. அந்தப் பெண் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஆர்க்கிடெக்ட் நேராகப் பக்கச்சுவருக்குப் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "லைம்தானே? யார் செஞ்சது?" கொத்தனாரின் நம்பரை வாங்கிக்கொண்டார். கூரையைக் கேட்டார்கள், காட்டினேன். வில்லங்கச் சான்று, பட்டா, பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துக்கு வருவார்களா என்று அடுக்கடுக்காகக் கேட்டார்கள். விலை இன்னும் படியவில்லை. ஆனால் வெளிப்பூச்சைக் காட்டி யாரும் குறைத்துக் கேட்கவில்லை. அடுத்த வாரம் மறுபடி வருகிறார்களாம்.

ராத்திரி செலவுக் கணக்கை எழுதி, ரசீதுகளோடு எல்லாப் பங்குக்கும் அனுப்பினேன். சிங்கப்பூர்ப் பங்கு உடனே பணம் போட்டுவிட்டது. சென்னையிலிருந்து ஒரு வரி வந்திருக்கிறது: "அண்ணமிண்டி, கடுக்காய்க்கு இவ்வளவா?"