மூச்சு வாங்குது சார்

கேஷுவால்டி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு சேர்ந்து உள்ளே வருகிற சொல் பெரும்பாலும் இதுதான். திருவாரூர், மன்னார்குடிப் பக்கம் ராத்திரி டூட்டி பார்த்தவர்களுக்குப் பழகிய குரல். மார்கழிப் பனியில் ஆஸ்துமா இழைப்புக்காரர்கள் வருவார்கள். தை அறுவடையில், கதிர் அறுக்கும் மிஷினுக்குப் பின்னால் நின்று தூசி குடித்தவர்கள் வருவார்கள். டயாலிசிஸ் ஒரு தவணை தவறியவர், இன்சுலினை நிறுத்திவிட்டு நாட்டுமருந்துக்குப் போனவர், பூச்சிமருந்து குடித்தவர் என்று யாராயிருந்தாலும் கூட வந்தவர் சொல்வது ஒன்றுதான். நுரையீரலா, ரத்தத்தில் ஏறிய அமிலமா என்று சீக்கிரம் பிரித்துச் சொல்ல எனக்குக் கைகொடுப்பது மணிக்கட்டுத் தமனியில் எடுக்கிற ஒரு மில்லி ரத்தம். ஏபிஜி என்கிற, தமனி ரத்தத்தின் வாயுவையும் அமிலத்தையும் அளக்கும் சோதனை.

இயந்திரத்தில் வைத்த சில நிமிஷத்தில் சீட்டு வந்துவிடும். இயல்பான அளவுகள்: பிஎச் (குறைந்தால் அமிலம் கூடியிருக்கிறது) 7.35 முதல் 7.45, கார்பன் டை ஆக்சைடு 35 முதல் 45, அமிலத்தைச் சமன்செய்யும் காரமான பைகார்பனேட் 22 முதல் 26. இந்த எல்லைகளைத் தாண்டிய எண்ணுக்குப் பக்கத்தில் மெஷின் அம்புக்குறி போடும். புதிதாக வரும் பயிற்சி டாக்டர்கள் அந்த அம்புக்குறியைத்தான் முதலில் தேடுகிறார்கள். நான் கேட்பது வேறு: "ரத்தம் எடுக்கும்போது ஆள் எப்படி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்? எத்தனை லிட்டர் ஆக்சிஜன் போய்க்கொண்டிருந்தது?" இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத சீட்டை நான் கையில் வாங்குவதில்லை. கொஞ்சம் முசுடு என்று பெயர் வாங்கியிருக்கிறேன், பரவாயில்லை.

இழைப்பு முற்றி வருகிற ஓர் இளைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 36 தடவை மூச்சு விடுகிறார், கழுத்துத் தசையெல்லாம் இழுக்கிறது. இந்த வேகத்துக்குக் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி 35-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். சீட்டில் 41 இருக்கிறது. அம்புக்குறி இல்லை. "நார்மல் சார்" என்கிறார் பயிற்சி டாக்டர். எனக்கு வயிற்றைக் கலக்குவதே அந்த 41-தான். உழைப்புக்கேற்ற காற்று உள்ளே போய் வரவில்லை, தசை களைத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த சீட்டில் 60 வர அதிக நேரம் பிடிக்காது. மூச்சுக்குழாயைத் தளர்த்த மெக்னீசியம் ஏற்றச் சொல்லிவிட்டு, வென்டிலேட்டர் தயாரா என்று பார்க்கப் போவேன்.

இதற்கு நேர்மாறான காட்சி விறகடுப்பில் ஆயுசெல்லாம் ஊதிய பாட்டிகளுடையது. பீடி தொட்டிருக்கவே மாட்டார்கள், ஆனாலும் நுரையீரல் பீடிக்காரருடையதைப் போலவே இருக்கும். முகம் நிறைய மாஸ்க், முழு வேகத்தில் ஆக்சிஜன், விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 99 சதவீதம். "இவ்வளவு நேரம் திணறிட்டு இப்பத்தான் சார் அப்பாயி அசந்து தூங்குது" என்று பேரன் நிம்மதியாகச் சொல்வான். அது தூக்கமே இல்லை, கார்பன் டை ஆக்சைடு தேங்கி வந்த மயக்கம். பிஎச் 7.21, கார்பன் டை ஆக்சைடு 88, பைகார்பனேட் 34 என்று சீட்டு வரும். பைகார்பனேட் அவ்வளவு ஏறியிருப்பதைப் பார்த்தாலே, கார்பன் டை ஆக்சைடு இன்று நேற்று தேங்கியதல்ல, சிறுநீரகம் பல நாளாக ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். இவர்களுக்கு விரல் கருவியில் 88 முதல் 92 வரை காட்டுகிற அளவு ஆக்சிஜன் போதும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்சிலேயே இப்படி அளந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. அளந்து கொடுக்கப்பட்டவர்களில் இறப்பு தெளிவாகக் குறைந்திருந்தது. ஆனால் ஆக்சிஜனைக் குறைத்து, மாஸ்க் வழியாக மூச்சுக்கு அழுத்தம் கொடுக்கும் பைபாப் மெஷினை மாட்டப் போனால் பேரன் சண்டைக்கு வருவான். "மூச்சு விட முடியாதவங்களுக்கு ஆக்சிஜனக் குறைப்பீங்களா?" நியாயமான கேள்விதான். பதில் சொல்லத்தான் அந்த நேரத்தில் நேரம் இருக்காது.

பைகார்பனேட் ஏறியதைத் தப்பாகப் படித்த கதை ஒன்று உண்டு. 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மூச்சுத் தசை செயலிழந்த நோயாளிகளின் ரத்தத்தில் பைகார்பனேட் கூடியிருப்பதைப் பார்த்து, காரணம் தெரியாமல் காரம் ஏறியிருக்கிறது என்றே மருத்துவர்கள் நினைத்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருத்துவர், அது வெளியேறாமல் தேங்கிய கார்பன் டை ஆக்சைடு என்றார். தொண்டையில் துளையிட்டு, மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு இரவும் பகலும் கையால் பையை அமுக்கினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்கிற ஏற்பாடே அதிலிருந்துதான் வளர்ந்தது. அந்த ஊர் ஆய்வகத்தில் இருந்த பால் ஆஸ்ட்ரப், படுக்கையில் கிடப்பவருக்கு உடனுக்குடன் பிஎச் அளக்க வழி தேடியதும் அந்த நெருக்கடியில்தான்.

பிறகு, நுரையீரலுக்குச் சம்பந்தமே இல்லாத மூச்சுவாங்கல். கிளினிக்கில் நெபுலைசர் வைத்தும் கேட்கவில்லை என்று கூட்டிவருவார்கள். ஸ்டெத் வைத்தால் நெஞ்சு சுத்தமாக இருக்கும். மூச்சு ஆழமாக, சீராக, ஓடிவந்தவர் விடுவதுபோல் இருக்கும். சர்க்கரை எகிறி, ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்திருக்கும். பைகார்பனேட் 8 என்றால், ஒன்றரையால் பெருக்கி எட்டைக் கூட்டுவோம்: கார்பன் டை ஆக்சைடு 20-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 20 இருந்தால் நுரையீரல் தன் வேலையைச் செய்கிறது. 34 இருந்தால், இயல்புக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று ஆறுதல்பட ஒன்றுமில்லை. பிஎச் 7-க்குக் கீழே போயிருக்கும், ஆள் சோர்ந்துகொண்டிருக்கிறார்.

இதற்கெல்லாம் தமனியைத்தான் குத்த வேண்டுமென்பதில்லை. சர்க்கரை அமிலத்துக்குச் சிரை ரத்தமே போதும். பிஎச் கொஞ்சம் குறைவாகக் காட்டும், அவ்வளவுதான். கண்ணாடி விரியன் கடித்து ரத்தம் உறையாமல் வந்தவரின் தமனியில் ஊசி வைப்பதை முடிந்தவரை தவிர்க்கிறேன். மற்றவர்களுக்கும் குத்துவது லேசில்லை. நடவு நட்டுக் காய்த்துப்போன கை, அதில் கோயில் கயிறு, வளையல். மணிக்கட்டுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, துடிப்பைத் தொட்டு, சரித்து ஊசி இறக்கினால் ரத்தம் தானாகத் துடித்துத் துடித்து ஏறும். எடுத்ததும் ஐந்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சொந்தக்காரரிடம் விட்டால் சரியாயிருக்கிறதா என்று அரை நிமிஷத்துக்கொருமுறை எடுத்துப் பார்ப்பார், மறுநாள் கை நீலமாகிவிடும். சிரிஞ்சில் காற்றுக் குமிழி நின்றாலும், ரத்தம் உறையாமலிருக்கச் சிரிஞ்சில் விடும் ஹெப்பாரின் கூடிப்போனாலும் எண் பொய் சொல்லும். மெஷின் கார்ட்ரிட்ஜ் விஷயம் தனிப் புலம்பல்: பல மாடல்களில் ஒருமுறை மாட்டிவிட்டால் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட நாளில் காலாவதி. சின்ன ஆஸ்பத்திரிகள் வாங்கத் தயங்குவதில் தப்பில்லை.

கோடையில் இங்கே பருத்தி போடுவார்கள். பூ நிறையப் பிடிக்கத் தெளிக்கிற மருந்துகள் சிலவற்றில் நைட்ரோபென்சீன் உண்டு. அதைக் குடித்துவிட்டு வருபவர்களின் உதடு நீலம் பாரித்திருக்கும், விரல் கருவி 85 காட்டும், எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் நகராது. மணிக்கட்டில் குத்தினால் ரத்தம் சாக்லேட் நிறத்தில் ஏறும். சிரை ரத்தமோ என்று சந்தேகப்பட்டுச் சீட்டைப் பார்த்தால் ஆக்சிஜன் அழுத்தம் 280, சாட்சுரேஷன் (ஹீமோகுளோபினில் ஆக்சிஜன் ஏறிய சதவீதம்) 99. சாதாரண மெஷின் அந்த 99-ஐ அளப்பதில்லை, அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாறிவிட்டது அதற்குத் தெரியாது. முறிவு மருந்தான மெத்திலீன் ப்ளூவை உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் கணக்கில் மெதுவாக ஏற்ற, நிறம் திரும்பும். நைட்ரோபென்சீன் கொழுப்பில் தங்கி மறுபடி வெளிவரும் என்பதால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்ப முடியாது. "குடிச்ச பாட்டிலை எடுத்துட்டு வாங்கண்ணே" என்று ஆளனுப்புவது இதற்காகத்தான். வெட்கப்பட்டு வாய்க்காலில் எறிந்துவிட்டேன் என்பார்கள்.

தஞ்சாவூருக்கு மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது சீட்டை அப்படியே பின் பண்ணுவதில்லை. அந்த வெப்பத் தாளில் எழுத்து மங்கிவிடும், டாஷ்போர்டு வெயில் பட்டால் கறுத்தே போய்விடும். நகலெடுத்து, எடுத்த நேரம், போன ஆக்சிஜன், நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, ஆள் பேசினாரா என்று ஓரத்தில் பேனாவால் எழுதித்தான் ஆம்புலன்ஸ் தம்பியிடம் கொடுக்கிறேன். "இதான் ரிப்போர்ட்லயே இருக்கே சார்" என்று அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்பார்.